மாட்டினவனே திரும்பத் திரும்ப மாட்டுறான்: லைசென்ஸைப் பிடுங்கினா வேலூர் ரோடு அடங்குமா?

தொரப்பாடி சேகர் | சனி, இரவு 9.10

கிரீன் சர்க்கிள் பக்கம் கடை வெச்சிருக்கறவன் கேக்கறேன். காலையில புது பஸ் ஸ்டாண்டுல ஆளுங்க இறங்கி சி.எம்.சி. பக்கம் ஆட்டோ தேடற நேரம். வெளியூர்ல இருந்து வைத்தியத்துக்கு வந்தவங்க, கையில எக்ஸ்ரே கவர், எந்தப் பக்கம் பார்த்து ரோடு தாண்டறதுன்னு தெரியாம நிப்பாங்க. அந்த நேரத்துல சர்வீஸ் ரோட்டுல ராங் சைடுல ஒருத்தன் வருவான். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவுல. டிராஃபிக் போலீஸ் நிறுத்தி செலான் போடுவார். அவனும் சிரிச்சிட்டே போவான். அடுத்த வாரம் அதே ஆளு, அதே வண்டி, அதே ராங் சைடு.

சில பேருக்கு ஆயிரம் ரூபா ஃபைன்றது குடும்பத்தோட ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட செலவு, அவ்வளவுதான். 2022ல தமிழ்நாட்டுல மட்டும் 64,105 விபத்து, 17,884 பேர் சாவு. விபத்து எண்ணிக்கையில நாட்டுலயே முதல் இடம் நமக்கு. சாவுல உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தது நாமதான். இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல.

நான் சொல்றது இதுதான்: மூணாவது தடவை மாட்டினா லைசென்ஸ் ஆயுசுக்கும் கிடையாது. காசு இருக்கறவனுக்கு ஃபைன் வலிக்காது, லைசென்ஸ் போனா வலிக்கும். என்ன சொல்றீங்க?

காட்பாடிப் பையன் | சனி, இரவு 9.24

அண்ணா, நியாயம்தான். ஆனா அந்த சர்வீஸ் ரோட்டுல ஏன் எல்லாரும் ராங் சைடுல வராங்கன்னும் கேக்கணும்ல? ஒழுங்கா போனா யூ டர்ன் எங்கயோ இருக்கு. சத்துவாச்சாரிக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். ரோட்டைக் கோணலாப் போட்டுட்டு ஓட்டறவன் லைசென்ஸைப் புடுங்கினா எப்படி?

தொரப்பாடி சேகர் | சனி, இரவு 9.31

தம்பி, யூ டர்ன் தூரம்னு ராங் சைடுல வரவனைக்கூட ஒரு தடவை மன்னிக்கலாம். போன் பேசிட்டு வரணும்னு எந்த ரோடு சொல்லிச்சு?

லாரிஷெட் மணி | சனி, இரவு 10.02

சேகர் அண்ணா, ஆயுசுக்கும்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டீங்க. உங்களுக்கு லைசென்ஸ் போனா பஸ்ல போவீங்க. எனக்குப் போனா வூட்ல அடுப்பு எரியாது.

எங்க ஷெட்ல நடந்தது ஒண்ணு சொல்றேன். ஊரு, ஓனரு பேரு வேணாம். ஒரு டிரைவர், என்னைவிட மூத்தவரு. லோடு அதிகமா ஏத்திகினு போனாருன்னு புடிச்சாங்க. லோடு எவ்ளோன்னு அவரா முடிவு பண்ணாரு? எடைமேடை சீட்டை ஷெட்லயே ஓனரு வாங்கி சட்டைப் பையில வெச்சிகினாரு, டிரைவர் கண்ணுலயே காட்டல. ஃபைனை ஓனரு கட்டினாரு, அப்பறம் படியில புடிச்சிகினாரு. லைசென்ஸை மூணு மாசம் நிறுத்தினாங்க. அது யாருது? டிரைவருது.

இனிமேதான் கேளுங்க. லைசென்ஸ் இல்லன்னு அவரை வேலையை விட்டு அனுப்பல. அதே வண்டியில கிளீனரா ஏத்திகினாங்க. ஸ்டியரிங் யாரு கையில? அதுவரைக்கும் கிளீனரா இருந்த பையன் கையில. அவன்கிட்ட கார் லைசென்ஸ் மட்டும்தான் கீது, ஹெவி கெடயாது. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ராத்திரி அவன் ஓட்டிகினு வரான், இருவது வருசம் ஓட்டினவரு பக்கத்து சீட்டுல உக்காந்துகினு "கியரை மாத்துடா"ன்னு கத்திகினு வராரு. இது இன்னா பாதுகாப்பு, நீங்களே சொல்லுங்க.

பாகாயம் சிஸ்டர் | சனி, இரவு 10.40

நான் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மணி தம்பி சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அடுப்பு எரியாமல் போவது டிரைவர் வீட்டில் மட்டும் இல்லை. அடிபட்டு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அந்த வீட்டுக்குச் சம்பாதிக்கிற ஒரே ஆள். தோல் ஷாப்புக்கு ஷிஃப்டுக்குப் போனவர், பால் ஊற்றிவிட்டுத் திரும்பியவர், டியூஷன் முடிந்து வந்த பிள்ளை. வெளியே நிற்கிற மனைவி முதலில் "உயிர் இருக்கா சிஸ்டர்" என்று கேட்பாள். இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, "வேலைக்குப் போக முடியுமா?" தலையில் அடிபட்டவருக்கு அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆகவே எனக்கு எல்லாத் தப்பும் ஒன்று இல்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறவன் வேறு, ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறவன் வேறு. முதலாமவனுக்கு மூன்று தடவை எதற்கு? முதல் தடவையே நிறுத்துங்கள்.

காட்பாடிப் பையன் | சனி, இரவு 10.47

ஹெல்மெட் போடாதவன் தன் தலையைத்தான உடைச்சிக்கிறான். அதுக்குப் போய் லைசென்ஸா?

பாகாயம் சிஸ்டர் | சனி, இரவு 10.52

அந்தத் தலையை உடைத்துக்கொண்டு வருகிறவனுக்கு வென்டிலேட்டர் போனால், பின்னால் வருகிறவனுக்கு எங்கே போவது தம்பி? தன் தலை என்று ஒன்று ஆஸ்பத்திரியில் கிடையாது.

வேலப்பாடி வக்கீல் | ஞாயிறு, காலை 7.15

நேற்று ராத்திரி படித்தேன். காபியோடு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. "புதுச் சட்டம் வேண்டும்" என்கிற தொனியில் பேசுகிறோம். சட்டம் எப்போதோ வந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 19. ஒருவர் வழக்கமான குடிகாரர் என்றாலோ, அவர் இதுவரை ஓட்டிய லட்சணத்தைப் பார்த்தால் இனியும் பொதுமக்களுக்கு ஆபத்து என்றாலோ, லைசென்ஸ் கொடுத்த அதிகாரி அதை நிறுத்தலாம், ரத்தே செய்யலாம். 2019 திருத்தம் இதை இன்னும் கூர்மையாக்கியது. வேகம், ஆபத்தாக ஓட்டுவது, குடி, ரேஸ், ட்ரிபிள்ஸ், ஹெல்மெட், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது ஆகியவற்றில் சிக்கினால் போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். விசாரித்து, முதல் தடவை மூன்று மாதம் நிறுத்தலாம். இரண்டாவது தடவை ரத்து. சேகர் மூன்று தடவை கேட்கிறார், சட்டம் இரண்டோடு நிற்கிறது! ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது, சிக்னல் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது மூன்றும் ஆபத்தாக ஓட்டுவதன் கீழேயே எழுதப்பட்டிருக்கின்றன. அதற்கும் முன்னாலேயே, 2015இல், உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு வேகம், சிக்னல், குடி, போன், அதிக லோடு, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகிய ஆறுக்கும் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தச் சொல்லிவிட்டது.

இரண்டாவது, சிஸ்டர் கேட்டது. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவை 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இரண்டாவது தடவை 15,000 அல்லது இரண்டு ஆண்டு வரை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போதும். அவர் சொல்வதுபோல இதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஹெல்மெட்டையும் ரேஸையும் ஒரே பட்டியலில் போட்டது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் போட்டாகிவிட்டது.

மூன்றாவது, ரோட்டில் நிற்கிற போலீஸ்காரர் லைசென்ஸை ரத்து செய்ய முடியாது. கைப்பற்றலாம், அனுப்பலாம், அவ்வளவே. நிறுத்துவதும் ரத்து செய்வதும் ஆர்.டி.ஓ. அல்லது கோர்ட்டின் வேலை. அதுவும் லைசென்ஸ்காரர் தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுதி. கேட்காமல் போட்ட உத்தரவு உயர் நீதிமன்றத்தில் நிற்காது. 30 நாளுக்குள் மேல்முறையீடும் உண்டு. "ஆயுசுக்கும் கிடையாது" என்று ஒரே போடாகப் போட்டால் முதல் ரிட் மனுவிலேயே விழுந்துவிடும்.

மணி சொன்னதற்கு வருகிறேன். அந்தக் கதையில் டிரைவர் ஒருவர்தான் தண்டனை பெற்றார், சட்டத்தில் மாட்ட வேண்டியவர் இன்னொருவர். உரிய லைசென்ஸ் இல்லாத பையனிடம் லாரியைக் கொடுத்த ஓனர் மீது பிரிவு 180 இருக்கிறது. நிறுத்தப்பட்ட லைசென்ஸோடு ஒருவர் ஓட்டினால் பிரிவு 182, 10,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அந்தப் பையன் யாரையாவது இடித்திருந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிவிட்டு, பிறகு ஓனரிடம் வசூலிக்க விபத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கிற டிரிப்யூனல் உத்தரவிடும். ஷெட் ஓனர்களுக்கு இது ஒன்றைச் சொன்னால் போதும், மற்ற பிரிவு எதுவும் சொல்ல வேண்டாம்.

லாரிஷெட் மணி | ஞாயிறு, காலை 8.03

சார், எங்க ஓனரு கிட்ட இதைப் படிச்சிக் காட்டறேன். கடைசி பாரா மட்டும்.

எட்டு போட்ட எத்திராஜ் | ஞாயிறு, காலை 9.20

வணக்கம். டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். வக்கீல் சார் சட்டத்தைச் சொன்னார், நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நடக்கறதைச் சொல்றேன்.

"திரும்பத் திரும்பத் தப்பு பண்றவன்"னு எல்லாரும் சொல்றீங்க. அவன் யாருன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? பாதி நேரம் தெரியாது. ஏன்னா கேமரா போடற செலான் வண்டி நம்பருக்குப் போகுது, ஓட்டினவன் லைசென்ஸ் நம்பருக்குப் போகறதில்ல.

போன மாசம் எங்கிட்ட வந்த ஒரு பெரியவர் போனைக் காட்டினார். செலான் மெசேஜ் வரிசையா நிக்குது, எல்லாம் ஹெல்மெட். திறந்தா போட்டோ. நம்பர் பிளேட்டு பளிச்சுனு, திருகாணி தெரியற அளவுக்கு. ஓட்டறவன்? முதுகும் கட்டம் போட்ட சட்டையும். அடுத்ததுல முன்பக்கம், ஆனா முகம் ஒரு பழுப்புப் புள்ளி. வண்டி பெரியவர் பேருல. ஓட்டறது பேரனா, மருமகனா, எக்ஸ்சேஞ்சுல குடுத்த பழைய வண்டியை பேரு மாத்தாம ஓட்டறவனா? அவருக்கே தெரியல. கடைசியில பார்த்தா அது அவர் வித்துட்ட வண்டி. வாங்கினவன் பேரு மாத்தல. இப்ப சட்டப்படி பார்த்தா திருந்தாத குற்றவாளி யாரு? சைக்கிள்ல கோட்டை மைதானத்துக்கு வாக்கிங் வர எழுபது வயசுக்காரர்.

இன்னொண்ணு. முன்னாடி போலீஸ் அட்டையைப் புடிங்கி வெச்சிக்கிட்டா ஆளு தவிப்பான். இப்ப அட்டை வீட்டுல, போன்ல டிஜிலாக்கர். எதைப் புடுங்கறது? 2020 அக்டோபர்ல வந்த விதியில, நிறுத்தின லைசென்ஸ், ரத்தான லைசென்ஸ் விவரம் அரசாங்க இணையதளத்துல, அதான் போர்ட்டல்ல, ஏறணும்னு இருக்கு. ஏறிட்டா ரோட்டுல நிக்கறவர் நம்பர் போட்டுப் பார்த்ததும் தெரியும். அவர் பார்க்கணும், அது வேற.

நிறுத்தினது முடிஞ்சு திரும்பி வாங்கணும்னா ரெஃப்ரெஷர் டிரெயினிங் போகணும்னும் 2019 திருத்தத்துல இருக்கு. நல்ல விஷயம். ஆனா "சார், சர்டிஃபிகேட் மட்டும் குடுங்க, நான் எதுக்கு உக்காரணும்"னு கேக்கறவங்களை நானே வாசல்ல இருந்து திருப்பி அனுப்பறேன். எல்லா ஸ்கூலும் அனுப்புதான்னு எங்கிட்ட கேக்காதீங்க.

ஆம்பூர் ரஹீம் | ஞாயிறு, முற்பகல் 11.05

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். துபாயில் டிரைவராக இருந்து வந்தவன். அங்கே கறுப்புப் புள்ளி என்று உண்டு. 24 சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்தம். சிவப்பு சிக்னலைத் தாண்டினால் ஒரே அடியில் 12, ஆயிரம் திர்ஹாம் ஃபைன், வண்டி 30 நாள் உள்ளே. நம்ம ஊர்ப் பசங்க வாணியம்பாடியில் சிக்னலே பார்க்காமல் பறக்கிறவர்கள், அங்கே ராத்திரி ரெண்டு மணிக்குக் காலி ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்று கொட்டாவி விடுவார்கள். அதே பசங்கதான், அதே கண்ணுதான்.

சேகர் பாய் சொல்கிற "மூணு தடவை, பிறகு ஆயுசுக்கும்" எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கு முன்கூட்டித் தெரிந்தால் மனிதன் நடுவிலேயே அடங்குவான். எனக்கு இத்தனை புள்ளி ஆயிடுச்சு, இனி இத்தனைதான் பாக்கி என்று தெரிந்த டிரைவர் எப்படி ஓட்டுவார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வேலப்பாடி வக்கீல் | ஞாயிறு, முற்பகல் 11.30

எத்திராஜ் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். இங்கிலாந்தில் மூன்று ஆண்டுக்குள் 12 புள்ளி சேர்ந்தால் கோர்ட் பொதுவாக ஆறு மாதமாவது தடை போடும். அந்தக் கணக்கு அங்கே நடப்பதற்குக் காரணம், கேமராவில் வண்டி விழுந்தால் ஓட்டியது யார் என்று ஓனர் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஓனருக்கே 6 புள்ளி. பேரனோ மருமகனோ, பெயர் வந்தே தீரும்.

நம் சட்டத்திலும் அந்தக் கடமை இருக்கிறது, பிரிவு 133. போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரத்தை ஓனர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிரிவு 187இல் தண்டனை. விபத்து வழக்குகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண செலானுக்கு யார் கேட்கிறார்கள்? பணம் கட்டினால் முடிந்தது. பணம் வருகிறது, பெயர் வருவதில்லை. பெயர் வராத வரை முதல் தடவையா, பத்தாவது தடவையா என்று எண்ண முடியாது.

எத்திராஜ் அண்ணே, அந்தப் பெரியவரை உடனே விற்ற ரசீதோடு பெயர் மாற்றத்துக்கு எழுதிப் போடச் சொல்லுங்கள். செலான் சின்ன விஷயம். அந்த வண்டி யாரையாவது இடித்தால் நஷ்டஈடு இவர் வாசலுக்கு வரும். ஆர்.சி.யில் பெயர் யாருடையதோ அவர்தான் ஓனர் என்றே கோர்ட் பார்க்கிறது.

தொரப்பாடி சேகர் | ஞாயிறு, மதியம் 12.10

அப்ப நான் தினமும் பார்க்கற அந்த ராங் சைடு ஆளு, கணக்குல முதல் தடவைக்காரனாவே இருப்பான்னு சொல்றீங்க?

எட்டு போட்ட எத்திராஜ் | ஞாயிறு, மதியம் 12.14

அவன் பொண்டாட்டி பேருல வண்டி இருந்தா, அவன் கணக்குலயே வரமாட்டான்.

மட்டறுத்துநர் | ஞாயிறு, மதியம் 12.40

ரெண்டு பேர் வண்டி நம்பரோடு போட்டோ போட்டிருந்தீர்கள், நீக்கியாயிற்று. ஆளைக் காட்டிக் கொடுக்கும் இடம் இது இல்லை.

குடியாத்தம் அக்கா | ஞாயிறு, மாலை 4.30

எல்லாரும் லைசென்ஸ் இருக்கறவனைப் பத்தியே பேசறீங்களே. எங்க தெருவுல ப்ளஸ் ஒன் படிக்கற பையன் ரேஸ் வண்டியில பறக்கறான். அவன்கிட்ட புடுங்க என்ன இருக்கு? அவங்க அம்மாகிட்ட சொன்னா, "பையன் ஆசைப்பட்டான், அவங்க நைனா வாங்கிக் குடுத்துட்டாரு" அப்படின்னு காபி போட உள்ள போய்டுச்சு.

வேலப்பாடி வக்கீல் | ஞாயிறு, மாலை 4.52

அந்த நைனாவுக்குத்தான் இருக்கிறது, அக்கா. பிரிவு 199ஏ. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது ஓனருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய். வண்டிப் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று நிரூபிக்க வேண்டியது பெற்றோர் பொறுப்பு. வாங்கிக் கொடுத்தவர் அதை எப்படிச் சொல்வார்?

லாரிஷெட் மணி | ஞாயிறு, இரவு 7.40

நான் லைசென்ஸ் புடுங்கறதே தப்புன்னு சொல்லல. குடிச்சிட்டு ஓட்டறவனை எங்க ஷெட்லயே ஏத்தமாட்டோம். அவன் கெட்டான்னா எங்க எல்லார் பேரும் கெடுது. ஆனா லோடு, டைமு, ரெண்டும் எங்க கையில இல்ல. சென்னையில இருந்து பெங்களூருக்கு இத்தினி மணி நேரத்துல இறக்கணும்னு ஒருத்தன் ஏ.சி. ரூம்ல உக்காந்து சொல்றான். தூங்காம ஓட்டினாதான் அது முடியும். வேகத்துக்கு எங்க லைசென்ஸை நிறுத்துங்க, சரி. அதே நாள்ல அந்த வண்டி பர்மிட்டையும் நிறுத்துங்க. அப்ப பாருங்க, "மெதுவா போய்யா"ன்னு அவனே போன் பண்ணுவான்.

பாகாயம் சிஸ்டர் | ஞாயிறு, இரவு 8.05

மணி தம்பி, இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன்.

தொரப்பாடி சேகர் | ஞாயிறு, இரவு 8.30

பேசிட்டே இருந்தா ஆகாது. அடுத்த திங்கள் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள் மனு குடுக்கலாம். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் கலெக்டர்தான தலைவர். ஆயுசுக்கும்ன்றதை எடுத்துட்டேன். எழுதி வெச்சது இது:

கேமரா செலான் போகும்போதே ஓட்டினவர் பேரு, லைசென்ஸ் நம்பர் கேட்டு ஓனருக்கு நோட்டீஸ் போகணும். குடிச்சு ஓட்டினது, ரேஸ், போன் பேசிட்டு ராங் சைடு, இது மூணுலயும் போலீஸ் லைசென்ஸை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினதா இல்லையான்னு மாசா மாசம் குழுவுல கேக்கணும். லைசென்ஸ் நிறுத்தின டிரைவரோட வண்டியை அந்த மூணு மாசம் யார் ஓட்டறாங்கன்னு ஷெட்டுல போய் பார்க்கணும். ரத்தான லைசென்ஸ்காரங்க பேரை வெளியிடணும்.

ஆம்பூர் ரஹீம் | ஞாயிறு, இரவு 8.48

கடைசி வரி வேண்டாமே. பேரைப் போட்டால் அவர் வீட்டுப் பெண் பிள்ளைக்கு வரன் பேசும்போது அது வரும். தப்பு செய்தவன் ஒருத்தன், தலை குனிகிறவர்கள் நாலு பேர்.

வேலப்பாடி வக்கீல் | ஞாயிறு, இரவு 9.02

ரத்தானவர் பெயரைப் பொதுவெளியில் வைக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ரஹீம் பாய் சொல்வதும் சரி. வேலைக்கு வைக்கிற ஓனரும் ரோட்டில் நிற்கிற போலீஸும் பார்த்தால் போதும், ஊர் பார்க்க வேண்டியதில்லை. அந்த வரியை அப்படித் திருத்துங்கள். மணி சொன்ன ஷெட் விஷயத்தை முதலில் வையுங்கள், கலெக்டர் மேஜையில் முதல் நாலு வரிக்குத்தான் நேரம்.

லாரிஷெட் மணி | ஞாயிறு, இரவு 9.15

எடைமேடை சீட்டு டிரைவர் கையில ஒண்ணு கொடுக்கணும்னு அதுல சேத்துக்குங்க சார். திங்கக்கிழமை நான் லோடோட ஓசூர் தாண்டியிருப்பேன். என் தம்பி வந்து எனக்கும் சேத்து கையெழுத்து போட்டுடுவான்.

வேலப்பாடி வக்கீல் | ஞாயிறு, இரவு 9.18

தம்பி போட்டால் அது தம்பி கையெழுத்து. நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் நானே ஷெட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். உங்கள் ஓனரையும் ஒரு தடவை பார்த்த மாதிரி ஆயிற்று.